அடிக்கல்லோடு நின்ற அரங்கம்
வாசகர் கேள்வி, பதில்

உள்விளையாட்டு அரங்கங்கள் குறித்துச் சென்ற இதழில் இப்பகுதியில் எழுதிய சில வரிகளுக்கு, டெல்டா மாவட்டங்களிலிருந்து வழக்கத்தைவிட அதிகமான கடிதங்கள் வந்துள்ளன. பெரும்பாலானவை, அறிவித்த அரங்கம் அடிக்கல்லோடு நின்றுபோனது என்ற ஒரே வருத்தத்தைச் சொல்வதால், இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். பதில் எழுதுபவர் கட்டுமானத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்ற தஞ்சைப் பொறியாளர்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் ஊர்ப் புறவழிச்சாலையை ஒட்டிப் பிரம்மாண்டமான உள்விளையாட்டு, பொழுதுபோக்கு வளாகம் ஒன்று வரப்போவதாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அறிவித்தார்கள். நீச்சல் குளம், இறகுப்பந்துத் தளங்கள், கூடைப்பந்து அரங்கம், பனித்தளம், பௌலிங், உணவகம், சிறிய திரையரங்கு என எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும் என்றார்கள். வளாகத்தின் மாதிரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினார்கள். அடிக்கல்லும் நாட்டினார்கள். அதன் பிறகு ஒரு செங்கல்கூட வைக்கப்படவில்லை. இன்று அந்த இடத்தில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பணம் இல்லாமல் நின்றதென்று சிலரும் அரசியலால் நின்றதென்று சிலரும் சொல்கிறார்கள். உண்மையில் இத்தகைய திட்டங்கள் ஏன் கட்டத் தொடங்கும் முன்பே நின்றுவிடுகின்றன? (வாசகர், கும்பகோணம் வட்டம்)

பதில்: உங்கள் ஊர்த் திட்டத்தின் கோப்பை நான் பார்த்ததில்லை. ஆனால் இதே டெல்டாவில், வேறொரு ஊரில், இதே போன்ற ஒரு திட்டத்துக்கு மண் பற்றிக் கருத்துச் சொல்ல அழைக்கப்பட்டவன் நான். அதுவும் அடிக்கல்லோடு நின்றுபோனது. அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: பணமும் அரசியலும் பிறகு வந்து சேர்ந்த காரணங்கள். திட்டத்தை முதலில் முடக்கியது, நீங்களே உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கும் "எல்லாம் ஒரே கூரையின் கீழ்" என்ற அந்தத் தொடர்தான்.

இறகுப்பந்துக்குக் காற்றே வீசாத, குறைந்தது 9 மீட்டர் உயரமுள்ள கூடம் வேண்டும். நீச்சல் குளத்துக்கு அதற்கு நேர்மாறாக நல்ல காற்றோட்டம் வேண்டும். இல்லையென்றால் குளோரின் கலந்த ஈரக்காற்று கூரையின் இரும்பைச் சில ஆண்டுகளிலேயே அரித்துவிடும். பனித்தளத்துக்கு உலர்ந்த குளிர்காற்றும் இரவு பகல் ஓயாத குளிரூட்டலும் தேவை. காற்றில் எப்போதும் ஈரம் நிற்கும் நம் கடலோரச் சமவெளியில் அந்தக் கூடத்தின் சுவரும் கூரையும் வியர்த்துக்கொண்டே இருக்கும். திரையரங்குக்கு ஓசை புகாத சுவர் வேண்டும். இப்படி ஒன்றோடொன்று ஒத்துப்போகாத ஐந்தாறு கட்டடங்களை ஒரே கூரைக்குள் அடைக்க முயலும்போது, அவற்றுள் அதிகச் செலவு பிடிக்கும் கூடத்துக்கான கூரையும் சுவரும் இயந்திரமும் மற்ற எல்லாக் கூடங்களுக்கும் தேவைப்பட்டுவிடுகின்றன. அதைவிடப் பெரிய சிக்கல், அதில் எதையும் தனியாகத் தொடங்க முடியாது என்பது. பனித்தளத்துக்கான இயந்திரத்தின் விலை முடிவாகாதவரை கூரையின் வடிவம் முடிவாகாது. கூரை முடிவாகாதவரை தூண்கள் முடிவாகா. தூண்கள் முடிவாகாமல் அஸ்திவாரம் தோண்ட முடியாது. ஒரு பிள்ளை பந்து அடித்து விளையாட வேண்டிய எளிய கூடம், எங்கோ தீர்மானமாகாத ஒரு குளிரூட்டும் இயந்திரத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்துக் கிடக்கிறது.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், இப்ஸ்விச் நகருக்கு அருகிலுள்ள கிரேட் பிளேக்கன்ஹாம் என்ற கிராமத்தில், "ஸ்னோயேசிஸ்" என்ற பெயரில் கூரைக்குள் பனிச்சறுக்கு மலையோடு கூடிய மாபெரும் விளையாட்டு, பொழுதுபோக்கு வளாகம் ஒன்று திட்டமிடப்பட்டது. பொது விசாரணையெல்லாம் நடந்து 2008ஆம் ஆண்டில் அனுமதியும் கிடைத்தது. அதன் பிறகும் ஆண்டுகள் பல கடந்தனவே தவிர, பனிமலை எழவில்லை. செல்வமுள்ள நாட்டில், அனுமதி கையில் இருந்தும், எழவில்லை.

கட்டி முடித்தால் மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. 2011ஆம் ஆண்டின் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக டேராடூனில் ஒரு பனித்தளம் கட்டப்பட்டது. போட்டிகள் முடிந்த பின், அதை நடத்தும் செலவைத் தாங்க வழியில்லாமல் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பயனின்றிக் கிடந்தது. அண்மையில்தான் மீண்டும் உயிர் பெற்றது. மலையடிவாரத்தில், நம்மைவிடக் குளிர்ந்த ஊரிலேயே அந்த நிலை.

நான் பார்த்த திட்ட அறிக்கையில் முகப்பு விளக்குகளின் வண்ணம் வரை எழுதியிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு மறுநாள் மின்கட்டணத்தை யார் கட்டுவது, குளத்து நீரை யார் சுத்திகரிப்பது, ஐந்தாம் ஆண்டில் மரத்தளத்தை யார் மாற்றுவது என்பதற்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கவில்லை. கடன் கேட்டபோது வங்கி முதலில் தேடிய பக்கம் அதுதான். அந்தப் பக்கம் இல்லாததால்தான் கோப்பு திரும்பி வந்தது. அதைப் "பணம் இல்லாமல் நின்றது" என்று ஊரில் சொன்னார்கள்.

கேள்வி: டெல்டாவின் களிமண்தான் பெரிய கட்டடங்களுக்குத் தடை என்று சொல்லப்படுவது உண்மையா? (கட்டடப் பொறியியல் மாணவி, திருவாரூர்)

பதில்: தடை என்று சொல்ல மாட்டேன், மண்ணை அறியாமல் போட்ட எஸ்டிமேட்டுதான் தடை. சித்திரை வெயிலில் நம் வயல்களில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுவதையும், ஐப்பசி மழையில் அதே மண் ஊதிப் பருத்து வெடிப்பே தெரியாமல் மூடிக்கொள்வதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கட்டடத்தின் அடியிலும் மண் இதையேதான் செய்யும். அதனால்தான் இங்கே, மண் அசையும் ஆழத்தைத் தாண்டி இறங்கி அடியில் குடைபோல விரியும் அண்டர் ரீம்டு பைல்களைப் போடுகிறோம். இது புதிய நுட்பமன்று. நம் ஊர் மேஸ்திரிகளுக்கும் பழக்கமானதுதான். ஆனால் வெளியூரில் செம்மண் தரைக்குப் போட்ட மதிப்பீட்டை அப்படியே கொண்டுவந்து இங்கே வைத்தால், அஸ்திவாரத்திலேயே கணக்கு தடம் புரண்டுவிடும். தாழ்ந்த வயலைச் சாலை மட்டத்துக்கு மேல் உயர்த்தச் சவுடு மண் நிரப்ப வேண்டும் என்பதும் அந்தக் கணக்கில் பல சமயம் விட்டுப்போகிறது.

நீச்சல் குளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அழைக்கப்பட்ட திட்டத்தில் என் பேச்சு எடுபடாமல் போனது இந்த இடத்தில்தான். 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் கொண்ட குளத்தில் 25 லட்சம் லிட்டர் நீர் நிற்கும். நீர் நிறைந்திருக்கும்போது அதற்கு ஆபத்து இல்லை. கார்த்திகை மாதத்தில் பராமரிப்புக்காக அதை இறைத்துவிட்டால்தான் ஆபத்து. அந்த மாதத்தில் நம் பழைய டெல்டாவின் பல ஊர்களில் ஒரு முழம் தோண்டினாலே நீர் ஊறும். குளத்துத் தளத்தின் அடிப்பக்கம் நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் கீழே இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஒன்றரை டன் விசையோடு நிலத்தடி நீர் மேலே தள்ளும். 30 சென்டிமீட்டர் தடிமனான கான்கிரீட் தளத்தின் எடையோ சதுர மீட்டருக்கு முக்கால் டன்தான். வெறும் குளம் படகைப்போல எழும்பும். எழும்ப முடியாத இடத்தில் பிளந்துகொள்ளும். தளத்தைப் பைல்களோடு பிணைத்து இழுத்துப் பிடிக்கலாம், அடியில் வடிகால் அமைத்து நீர்மட்டத்தைத் தணிக்கலாம், அல்லது குளத்தைத் தரைமட்டத்துக்கு மேலே எழுப்பலாம். மூன்றுக்கும் செலவு உண்டு. இதை நான் எடுத்துச் சொன்னபோது, அது பிறகு பார்த்துக்கொள்ளும் நுணுக்கம் என்று ஒதுக்கிவிட்டார்கள். இன்றும் எனக்கு அது ஆறாத வருத்தம்.

டெல்டா முழுவதும் களிமண் என்று எண்ணிவிடவும் வேண்டாம். தஞ்சைக்குத் தென்மேற்கே வல்லம் பக்கம் உறுதியான செம்பொறை நிலம் கிடக்கிறது. 1934இல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாயின் பாசனப் பகுதியிலும் மேட்டாங்கால் நிலங்கள் உண்டு. இடம் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே பாதிச் செலவு முடிவாகிவிடுகிறது.

கேள்வி: வேளாண் மண்டலச் சட்டம் வந்துவிட்டதால் இனி டெல்டாவில் அரங்கமே கட்ட முடியாது என்கிறார்களே? (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: அது தவறான செய்தி. 2020ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், அப்போது மயிலாடுதுறையையும் உள்ளடக்கியிருந்த நாகப்பட்டினம் ஆகிய மாவட்டங்களையும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களையும் மண்டலத்துக்குள் கொண்டுவந்தது. அது தடுப்பது துத்தநாகம், செம்பு, அலுமினியம் உருக்கும் ஆலைகள், இரும்பாலை, தோல் பதனிடும் தொழிற்சாலை, புதிதாக எண்ணெய், எரிவாயு எடுத்தல் போன்றவற்றை. விளையாட்டு அரங்கம் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் நஞ்சையை வேறு பயனுக்கு மாற்றுவதற்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதியும் மாவட்ட ஆட்சியரின் இசைவும் தேவைப்படும் என்பது அதற்கு முன்பிருந்தே உள்ள நடைமுறை. அது இருக்க வேண்டியதுதான் என்பது என் உறுதியான கருத்து. முப்போகம் விளைந்த மண்ணில் கூடம் எழுப்பிவிட்டால், அங்கே மறுபடி நாற்று நட முடியாது. பாசன வாய்க்காலோ வடிகாலோ இடையில் ஓடும் நிலமென்றால், அடைபடும் நீர் பக்கத்து வயல்காரரின் சம்பாப் பயிரை அழுக வைக்கும். அடிக்கல் நாட்டுவதற்கு முன் பட்டா, புலப்படம், 'அ' பதிவேடு, வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு வாய்க்கால் புறம்போக்கு எந்த இடத்தில் குறுக்கிடுகிறது என்பதையும் நில அளவையரைக் கொண்டு அளந்து பார்த்தாக வேண்டும்.

நம் பகுதியில் இன்னொன்றும் உண்டு. ஊரை ஒட்டிய நிலங்களில் கணிசமானவை கோயிலுக்கோ மடத்துக்கோ உரியவை. கோயில் நிலத்தை விற்கவோ ஐந்து ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விடவோ, 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி ஆணையரின் ஒப்புதல் வேண்டும். ஐந்து ஆண்டுக் குத்தகையை நம்பி எந்த வங்கி கட்டடக் கடன் தரும்? பல திட்டங்கள் பேச்சளவிலேயே முடிந்துபோவது இங்கேதான்.

கேள்வி: அத்தகைய ஒரு வளாகத்தில் ஆயுட்கால உறுப்பினர் ஆவதற்கு 2013இல் 25,000 ரூபாய் கட்டினேன். ரசீது இருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி)

பதில்: காலம் கடந்துவிட்டது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. பணத்தை மீட்கும் உரிமையியல் வழக்குக்கு மூன்று ஆண்டுகளும் நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளும் வரம்பு. இருந்தாலும், வரம்பு முடிவதற்கு முன் அவர்கள் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட கடிதம் ஏதும் தந்திருந்தால், அந்த நாளிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும். கட்டித் தருகிறோம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருந்தால், குறை இன்னும் நீடிக்கிறது என்று நுகர்வோர் ஆணையத்தில் வாதிடவும் இடமுண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு அங்கே கட்டணமும் கிடையாது. பணம் பெற்றது 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கம் என்றால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து விண்ணப்பித்தால் பதிவாளர் விசாரணை நடத்த முடியும். உங்களைப் போலக் கட்டியவர்களை முதலில் ஒன்று சேருங்கள். ரசீதின் அசலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: நாற்பது ஆண்டுகளாகக் கபடி, கைப்பந்து சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஐப்பசி பிறந்தால் தை வரை எங்கள் மைதானம் சேறு. பெரிய வளாகம் வேண்டாம். ஒரு சிறு ஊருக்கு எந்த அளவு கூடம் போதும் என்று ஐயா அவர்கள் சொல்ல வேண்டும். (உடற்கல்வி ஆசிரியர், மன்னார்குடி)

பதில்: ஐயா, வந்த கடிதங்களுள் என்னை அதிகம் தொட்டது உங்களுடையது. நம் பகுதியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. ஆண்டுக்கு மூன்று மாதம் பயிற்சி இல்லாத பிள்ளை, பன்னிரண்டு மாதமும் பயிலும் பிள்ளையோடு தை மாதப் போட்டியில் மோத வேண்டியிருக்கிறது. இங்கே கூரை ஆடம்பரமன்று.

32 மீட்டர் நீளமும் 19 மீட்டர் அகலமும் 9 மீட்டர் உயரமும் கொண்ட, நடுவில் தூண் இல்லாத ஒரே கூடத்தை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 6,500 சதுர அடி. கூடைப்பந்துத் தளம் 28க்கு 15 மீட்டர். சுற்றிலும் இரண்டு மீட்டர் விட்டு அது இதில் அமைந்துவிடும். கைப்பந்துத் தளம் 18க்கு 9. நான்கு பக்கமும் மூன்று மீட்டர் விட்ட பிறகும் இடம் மிஞ்சும். ஆடவர் கபடி மேட் 13க்கு 10. இரண்டை வரிசையாக விரிக்கலாம். இறகுப்பந்துத் தளம் 13.40க்கு 6.10, நான்கை அருகருகே கோடு போடலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அன்று, மணிக்கணக்குப் போட்டு, காலையில் ஒன்று, பள்ளி விட்ட பின் ஒன்று, இரவில் ஒன்று என்று நடத்த வேண்டும். இரவு நேர இறகுப்பந்துக்கு வருகிற பெரியவர்களின் கட்டணம், மாலையில் பயிலும் பிள்ளைகளின் மின்கட்டணத்தைத் தாங்க வேண்டும் என்பதே நான் சொல்லும் கணக்கு.

பக்கத்தில் இன்னொரு கூடம் எழ இடம் விட்டு, தாங்கும் தூண்களை அந்தப் பக்கம் திருப்பி அமைத்துவிட்டால் போதும். பத்து ஆண்டு கழித்து ஊருக்கு வலு வந்தால் நீச்சல் குளமும் வரட்டும். அது வராமல் போனாலும் முதல் கூடம் நின்று பயன் தரும். சட்டமன்றத் தொகுதிதோறும் சிறு விளையாட்டரங்கம் என்ற அரசின் திட்டத்திலும், மக்கள் தங்கள் பங்கைச் செலுத்தும் நமக்கு நாமே திட்டத்திலும், இந்த அளவுள்ள கோரிக்கையைத்தான் கையில் எடுத்துப் போய்ப் பேச முடியும்.

அதுவரை பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊர்க் கல்யாண மண்டபங்கள் பூட்டியே கிடக்கின்றன. மார்கழி உங்களுக்குச் சேறு மிஞ்சிய மாதம். கபடிக்கும் மேசைப்பந்துக்கும் மண்டபத்தின் உயரம் தாராளமாகப் போதும். மேட் விரித்து, சுவரோரம் பழைய மெத்தைகளைச் சாய்த்து, வாடகையில் பாதியை ஊர்ப் பெரியவர் ஒருவர் ஏற்றால் ஒரு மாதப் பயிற்சி நடந்துவிடும். இதை நடத்திக் காட்டிய பயிற்சியாளர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: என் மகள் இறகுப்பந்து ஆடுகிறாள். அரங்கம் கட்டுகிறவர்கள் பெண் பிள்ளைகளைப் பற்றி எதை முதலில் யோசிக்க வேண்டும்? (ஒரு தாய், பட்டுக்கோட்டை)

பதில்: கதவு தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வரும் கழிப்பறையும் உடைமாற்றும் அறையும், அவற்றுக்குக் கூடத்தின் உள்ளிருந்தே வழி. அடுத்தது, பேருந்து நிறுத்தத்திலிருந்து வாசல் வரை விளக்கு. புறவழிச்சாலையில் மனை மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அங்கே கட்டிவிட்டால், இரவு ஏழு மணிக்குப் பிறகு உங்கள் மகளைப் போன்றவர்கள் வர மாட்டார்கள். ஊருக்குள் பள்ளியை ஒட்டிக் கால் பங்கு இடம் கிடைத்தாலும் அதுவே மேல்.

கேள்வி: கஜா புயலில் எங்கள் பகுதியின் தகரக் கூரைகள் எல்லாம் பறந்துவிட்டன. இங்கே போய் அகலமான கூரை போடச் சொல்கிறீர்களே, அது நிற்குமா? (வாசகர், வேதாரண்யம் வட்டம்)

பதில்: நியாயமான அச்சம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரை கடந்த பிறகு, சேதங்களைப் பார்க்க வந்தவர்களில் நானும் ஒருவன். நான் பார்த்த இடங்களில், விழுந்த கூரைகள் பெரும்பாலும் மேலிருந்து அமுங்கி விழவில்லை; சன்னல், கதவு வழியே புகுந்த காற்று உள்ளிருந்து தூக்க, வெளிக்காற்று மேலிருந்து உறிஞ்ச, பிடிமானம் பிடுங்கிக்கொண்டு பறந்திருந்தன. ஆகவே தகட்டைப் பட்டையோடு பிணைக்கும் திருகாணி, பட்டையைச் சட்டத்தோடு பிணைக்கும் ஆணி, சட்டத்தைத் தூணோடும் தூணை அஸ்திவாரத்தோடும் பிணைக்கும் போல்ட் என்று எந்தக் கண்ணியிலும் சிக்கனம் கூடாது. காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875இன் மூன்றாம் பகுதி; உங்கள் கடற்கரைக்குரிய காற்றின் வேகத்தை அதிலிருந்து எடுத்துத்தான் கணக்கிட்டிருக்கிறார்களா என்று ஊர் மக்களே கேட்கலாம்.

அப்படி உறுதியாகக் கட்டிய கூடம், தரைமட்டத்திலிருந்து நான்கடி உயர்த்திய தளத்தோடும் போதிய கழிப்பறைகளோடும் இருக்குமானால், புயல் நாளில் அதுவே நிவாரண முகாம். இப்போது வெள்ளம் வந்தால் பள்ளியில் குடும்பங்களைத் தங்க வைக்கிறோம். நீர் வடிந்து, அவர்கள் வீடு திரும்பி, வகுப்பறைகளைக் கழுவி முடிக்கும்வரை பாடம் நின்றுபோகிறது. விளையாட்டுக் கூடமென்றால் வகுப்புகள் தடைபடா. ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதும் மனுவில் விளையாட்டு, பேரிடர்ப் பாதுகாப்பு என்ற இரண்டு பயன்களையும் சேர்த்தே எழுதுங்கள்.

மனுவோடு ஒரு குறிப்பேட்டையும் இணைக்கச் சொல்வேன். இந்த ஐப்பசியிலேயே, உத்தேசித்துள்ள இடத்தில் இரண்டு மீட்டர் ஆழத்துக்குக் குழாய் ஒன்றை இறக்கி, வாரம் ஒரு நாள் நீர்மட்டத்தை அளந்து தேதியோடு எழுதி வாருங்கள். சித்திரையில் அதே இடத்தில் வெடிப்பின் ஆழத்தைக் கம்பி விட்டுப் பாருங்கள். முறையான மண் பரிசோதனைக்கு இது மாற்றாகாது; ஆனால் பரிசோதனைக்கு வருகிற பொறியாளர் ஒரே ஒரு கோடை நாளைப் பார்த்துவிட்டு அறிக்கை எழுதிவிடாமல் இருக்க அந்தக் குறிப்பேடு உதவும். எழுதி முடித்ததும் அதன் படியொன்றை இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். படித்துப் பார்த்து எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.